நான் வெட்டிய விலை அட்டை

பள்ளி ஆசிரியர்களின் புலனக் குழுவிலிருந்து என்னை இன்னும் யாரும் நீக்கவில்லை. பணி ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிறது. மறந்துவிட்டீர்களா, நீக்கினால் மனம் வருந்துவேன் என்று தயங்குகிறீர்களா, தெரியவில்லை. எதுவானாலும் நல்லதாகப் போயிற்று. வாட்சாப்புக்குப் புலனம் என்று அழகான தமிழ்ப் பெயர் வைத்துவிட்டு, அதில் நாம் என்னென்ன அனுப்புகிறோம் என்பதை இப்போதுதான் காப்பி குடித்தபடி நிதானமாகப் படிக்க முடிகிறது. நேற்றும் ஒன்று வந்தது. சிறுவர் தினத்தன்று மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த கதாபாத்திரத்தின் வேடத்தில் வரலாமாம். கடைசி வரியில் 'கட்டாயமில்லை, ஊக்குவிக்கப்படுகிறது' என்று இருந்தது.

அந்தக் கடைசி வரி என்னுடையது. புறப்பாட நடவடிக்கைகளுக்குத் துணைத் தலைமையாசிரியராக நான் பொறுப்பேற்ற ஆண்டில், ஒரு மதிய வேளையில் யோசித்து எழுதினேன். அதன்பிறகு வந்த எல்லாச் சுற்றறிக்கைகளிலும் நீங்கள் அதை அப்படியே வெட்டி ஒட்டி வருகிறீர்கள். முப்பது ஆண்டுக் கல்விச் சேவையில் நான் விட்டுச் சென்ற ஒரே நிலையான படைப்பு அதுதான். அந்த வரியைப் படித்துவிட்டு, ஊக்குவிக்கப்படாமல் வீட்டில் நிம்மதியாக இருந்த ஒரு பெற்றோரையும் நான் பார்த்ததில்லை.

புதிதாகச் சேர்ந்த உங்களில் சிலருக்கு இந்த வேட நாட்கள் பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காக நடப்பதாக ஓர் எண்ணம் இருக்கலாம். வயது அப்படி. அவை ஒரு பக்க அறிக்கைக்காக நடக்கின்றன. மாவட்டக் கல்வி இலாகாவுக்கு அனுப்பும் அந்தத் தாளில் நான்கு கட்டங்கள் இருக்கும், நான்கு படங்கள் வேண்டும். சீருடையில் பிள்ளைகள் நின்றால் படம் வெள்ளையும் நீலமுமாகச் சப்பென்று இருக்கும். வண்ணம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து யாரும் எழுத்தில் கேட்டதில்லை. நாமாகவே புரிந்துகொண்டோம். கேட்காததைப் புரிந்துகொள்வதில் ஆசிரியர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் சுதந்திர மாதத்தில் ஒற்றுமை நாள் வந்தது. நம் பள்ளியை உங்களுக்கே தெரியும். சிடாம் கிரி பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில், ஐம்பத்து மூன்று மாணவர்கள். ஐம்பத்து மூன்று பேரும் தமிழ்ப் பிள்ளைகள். ஒற்றுமையைக் காட்டும் படத்துக்கு மலாய்க்காரர் வேண்டும், சீனர் வேண்டும், இபான், கடசான் என்று பூர்வகுடிகள் எல்லாரும் வேண்டும். எனக்கு ஒரு யோசனை உதித்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சீட்டை எடுத்து, அதில் எழுதியிருக்கும் இனத்தவராக மாற வேண்டியது. பத்து நிமிடத்தில் நாட்டின் மக்கள்தொகையையே நான் மாற்றி அமைத்தேன்.

இபான் சீட்டு விழுந்த பையனின் அப்பா தலைக்கவசத்துக்கு இறகு தேடி, வீட்டுச் சேவலைப் பிடித்தார். அந்தச் சேவல் சில வாரம் வாலில்லாமல் தோட்டத்தைச் சுற்றி வந்தது. மலாய்க்காரர் சீட்டு எடுத்தவர்கள் அப்பாவின் கைலியை மடித்து இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். அவர்களுக்குச் செலவில்லை. மூன்றாம் ஆண்டு மாணவி யாழினிக்குச் சீனர் சீட்டு விழுந்தது. சியோங்சாம் என்கிற சீனப் பெண்களின் சட்டை எந்தத் தமிழ் வீட்டு அலமாரியிலும் மடித்து வைத்திருக்கிற உடுப்பு அல்ல. கடையில்தான் வாங்க வேண்டும்.

அவள் வந்தாள். பளபளவென்று சிவப்பு, பொன் நிறப் பூவேலை, கழுத்தை ஒட்டி நிற்கும் காலர். மாவட்டத்திலிருந்து அதிகாரி ஒருவர் நிகழ்ச்சியைத் திறந்து வைக்க வருவதாக இருந்தது. படத்தின் நட்டநடுவில் இவள்தான் என்று அவள் வாசலில் இறங்கியபோதே முடிவு செய்துவிட்டேன்.

காலையிலிருந்து அவள் உட்காரவில்லை. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்குப் போகவில்லை. சுவரில் சாயவும் இல்லை. நடைபாதையில் தனியாக, கைகளை உடம்பில் படாமல் விலக்கி வைத்துக்கொண்டு நின்றாள். "என்னம்மா, சீன மகாராணிக்கு நாசி லெமாக் இறங்காதா?" என்று கேலி செய்துவிட்டுப் போனேன். பக்கத்தில் இருந்த ஆசிரியைகள் சிரித்தார்கள். எனக்கே என் நகைச்சுவை பிடித்திருந்தது.

படம் எடுக்கும் நேரம் வந்தது. முன்வரிசை தரையில் உட்கார வேண்டும். எல்லாரும் உட்கார்ந்தார்கள், இவள் மட்டும் நின்றாள்.

"உக்காரும்மா."

"வேணாம் டீச்சர். நான் நிக்கிறேன்."

"நீ நின்னா பின்னால உள்ளவங்க எப்படித் தெரிவாங்க?"

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சொல்லித்தராத பார்வை அது, நீங்களும் இன்னும் சில ஆண்டுகளில் கற்றுக்கொள்வீர்கள். அவள் குந்தினாள். துணி தரையில் படாமல், குதிகால் மீது, கஷ்டப்பட்டு. அப்போதுதான் காலருக்குப் பின்னால் ஒரு வெள்ளை அட்டை நீட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். விலை அட்டை. படம் கெட்டுவிடுமே என்று பதறினேன்.

என் பக்கத்தில் தட்டு ஏந்திய மாணவி நின்றாள். தட்டில், அதிகாரி ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல் இருந்தது. எடுத்தேன். "இதக்கூடக் கவனிக்காம அனுப்பிட்டாங்களே உங்கம்மா" என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே ஒரே வெட்டு. அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். குப்பையைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்று சபைகூடலில் வாராவாரம் பேசுகிறவள் ஆயிற்றே.

யாழினியின் கை பின்கழுத்துக்குப் போனது. தடவிப் பார்த்தாள். அதுவரை குந்தியிருந்தவள், அப்படியே சிமெண்டுத் தரையில் நன்றாக உட்கார்ந்துவிட்டாள். படம் அருமையாக வந்தது. அந்த ஆண்டின் அறிக்கைகளிலேயே சிறந்ததென்று தலைமையாசிரியர் பாராட்டினார்.

அடுத்த வாரம் ஒரு காலை, சோதனைத் தாள்களை அடுக்க வேண்டி ஆறே காலுக்கே பள்ளிக்குப் போனேன். வெளிவாசலுக்கு எதிரே, கால்வாய்க் கட்டையில் யாழினி புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காவலாளி கதவைத் திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

"என்னம்மா இவ்வளவு சீக்கிரம்? வேன் முன்னாடியே வந்துருச்சா?"

"வேன்ல வரல டீச்சர். அம்மா மோட்டார்ல இறக்கிவிட்டுட்டு பேக்டரிக்குப் போய்ட்டாங்க."

"வேனுக்கு என்ன ஆச்சு?"

"இந்த மாசம் வேன் இல்ல டீச்சர். வேன் காசுலதான் சட்ட வாங்குனோம். டேக் இருந்தா பாய் கடையில மறுநாள் திருப்பி எடுத்துக்குவாங்க. நீங்க வெட்டிட்டீங்கல்ல."

குற்றம் சாட்டும் குரல் இல்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கும் அதே குரல். அவள் அன்று முழுக்க ஏன் உட்காரவில்லை, ஏன் சாப்பிடவில்லை, ஏன் சுவரில் சாயவில்லை என்பதெல்லாம் அந்த நிமிடத்தில் எனக்குப் புரிந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு மாத வேன் கட்டணத்தை உடம்பில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் அவளை மகாராணி என்று கேலி செய்திருக்கிறேன்.

தப்பைச் சரிசெய்யும் வேகம் எனக்கு எப்போதும் உண்டு. தப்பைவிட அதுதான் ஆபத்தானது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று மதியமே அந்த அட்டையை எடுத்துக்கொண்டு சுங்கைப் பட்டாணி டவுனுக்குப் போனேன். பாய் கடை உங்களுக்குத் தெரியும். நம் பள்ளிப் பிள்ளைகள் பாதிப் பேருக்குச் சீருடை அங்கேதான். அட்டையைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"வெட்டிட்டீங்களா டீச்சர்?"

"எனக்கெப்படித் தெரியும் பாய், இதத் திருப்பிக் குடுப்பாங்கன்னு?"

"ஒங்க ஸ்கூல் நோட்டீஸ் எனக்கு வந்த உடனே ஸ்டாக் எடுத்துருவேன். மொத நாள் அள்ளிக்கிட்டுப் போவாங்க. மறுநாள் அதுல பாதிக்கு மேல திரும்பி வரும். பவுடர் வாசம் வரும், குழம்பு வாசம் வரும். பேன் காத்துல ரெண்டு நாள் தொங்கவிட்டு மறுபடி மாட்டி வைப்பேன். அடுத்த ஸ்கூல்ல ஒத்துமை நாள் வரும்ல."

கல்லாவுக்கு மேல் பெரிய எழுத்தில் ஒரு பலகை தொங்கியது. விற்ற பொருள் திருப்பி வாங்கப்படமாட்டாது. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"எழுதித்தான் வச்சிருக்கேன் லா. நீங்களுந்தான் கட்டாயமில்லன்னு எழுதுறீங்க."

அட்டையைத் திரும்ப மாட்டித் தர முடியுமா என்று மட்டும் கேட்டேன். மேசையிலிருந்து அட்டை குத்தும் துப்பாக்கியை எடுத்துக் காட்டினார்.

"ஒரு தட்டு தட்டுனா முடிஞ்சிது. ஆனா சட்டைய அந்தம்மா கொண்டாரணும். நீங்க போய்க் கேக்காதீங்க டீச்சர். கேட்டா தரமாட்டாங்க."

ஒரு துணிக்கடைக்காரர் எனக்குப் பெற்றோர் மனநிலையைப் பற்றிப் பாடம் எடுப்பதா? நான் அதைப் பற்றி மாவட்ட அளவில் பட்டறையே நடத்தியவள். நேரே யாழினியின் வீட்டுக்கு வண்டியைத் திருப்பினேன்.

அவளுடைய அம்மா வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். கையுறைத் தொழிற்சாலையின் சீருடையைக்கூட மாற்றவில்லை. என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், மைலோ கலக்கினார், பிஸ்கட் டின்னைத் திறந்தார். நான் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். பாயிடம் பேசிவிட்டேன், சட்டையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார் என்று ஏதோ பரிசு கொண்டு வந்தவளைப் போலச் சொன்னேன்.

அந்த அம்மா அட்டையைப் பார்த்தார். பிறகு திறந்திருந்த வாசலைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி வேலியருகே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"திருப்பிக் குடுக்கப் போறோம்னு யாரு டீச்சர் சொன்னா? பிள்ள ஆசப்பட்டுச்சின்னு வாங்குனது. தீபாவளிக்குப் போட்டுக்கும்."

தீபாவளிக்குச் சியோங்சாம் என்பதில் உள்ள சிக்கல் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தே இருந்தது. நான் பணப்பையைத் திறந்தேன். பாய் சொன்னதைக் கேட்காதது, வாசல் திறந்திருக்கப் பேசியது, இது அன்றைய மூன்றாவது தப்பு.

"அத உள்ள வைங்க டீச்சர். மைலோ ஆறுது, குடிங்க." பிறகு உள்ளே பார்த்து, "யாழினி, இங்க வாடி. டீச்சர்கிட்ட என்ன சொன்ன நீ?" என்றார்.

யாழினி கதவோரம் வந்து நின்று காலைப் பார்த்தாள். சட்டையின் அட்டையைப் பிடுங்கினேன், இப்போது வீட்டு ரகசியத்தை வெளியில் சொன்ன பிள்ளை என்ற பட்டத்தையும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. மைலோவை முழுசாகக் குடித்தேன். அந்த வீட்டில் அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். டேக் வெட்டுவது பாவமா என்று ஃபாதர் சற்றுக் குழம்பினார். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். நான் பத்துச் சொன்னேன், மனது ஆறவில்லை.

செய்ய முடிந்தது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மறுநாளிலிருந்து அந்த மாதம் முடியும்வரை தினமும் ஆறு மணிக்குப் பள்ளி வாசலில் இருந்தேன். கோப்பு வேலை நிறைய என்று காவலாளியிடம் சொல்லிக் கதவைத் திறக்க வைத்தேன். யாழினி நூலகத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எதிர் மேசையில் நான் கோப்பைப் புரட்டுவது போல நடிப்பேன், அவள் அதை நம்புவது போல நடிப்பாள். சட்டையைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆண்டு இறுதியில் எனக்குச் சிறந்த சேவை விருது கிடைத்தது. நேரம் தவறாமையில் எல்லாருக்கும் எடுத்துக்காட்டு என்று தலைமையாசிரியர் மேடையில் புகழ்ந்தார். வருகைப் பதிவில் அந்த மாதம் என் பெயருக்கு எதிரே இருந்த நேரங்கள் அவரை அசத்திவிட்டனவாம். கேடயம் இப்போதும் என் வரவேற்பறையில் இருக்கிறது. தூசி தட்டும்போதெல்லாம் கால்வாய்க் கட்டை ஞாபகம் வரும்.

அனுபவத்திலிருந்து நான் பாடம் கற்றேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். கற்றேன். மறு ஆண்டு உடை அலமாரி என்று ஒரு திட்டம் தொடங்கினேன். பழைய வேட உடுப்புகளைச் சேர்த்து, தேவைப்படும் பிள்ளைகளுக்கு இரவல் கொடுப்பது. நல்ல திட்டம், இப்போதும் சொல்வேன். ஆனால் திட்டம் என்றால் திறப்பு விழா, திறப்பு விழா என்றால் ஒரு பக்க அறிக்கை, அறிக்கை என்றால் நான்கு படங்கள். அன்று எல்லாரும் ஊதா நிற டீசட்டை அணிந்து வரலாம் என்று சுற்றறிக்கை விட்டது யார்? நானேதான். கட்டாயமில்லை, ஊக்குவிக்கப்படுகிறது. பெற்றோரின் செலவைக் குறைக்கும் திட்டத்தைத் தொடங்கி வைக்கப் பெற்றோரைச் செலவு செய்ய வைத்த பெருமை கெடா மாநிலத்தில் எனக்கு மட்டுமே இருக்கும் என்று நம்புகிறேன். அந்த வாரம் பாய் கடையில் ஊதா டீசட்டை மாட்டக் கொக்கி போதவில்லை. அலமாரியில் இப்போது பதாகைகளைத் திணித்து வைத்திருக்கிறீர்கள். சாவி வரைகலை அறையில் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது.

அதனால் உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்படும் தகுதி எனக்கு இல்லை. தலைமையாசிரியர் கேட்கிறார், நாளைக்குள் படம் அனுப்ப வேண்டும், பக்கத்துப் பள்ளி ஏற்கெனவே அனுப்பிவிட்டது. அந்த நெருக்கடியில் விரல் தானாகவே அந்தக் கடைசி வரியைத் தட்டும். நானும் அப்படித் தட்டியவள்தான்.

இனி என் பிரிவுபசார நாள். இதை நீங்கள் அன்போடு நடத்தினீர்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

டீச்சருக்குப் பிடித்த நிறம் என்று எல்லாப் பிள்ளைகளையும் மஞ்சள் உடுப்பில் வரச் சொன்னீர்கள். எனக்கு மஞ்சள் பிடிக்கும் என்று யார் சொன்னார் என்று இன்றுவரை விளங்கவில்லை. எனக்கு நீலம்தான் பிடிக்கும், அது சீருடையிலேயே இருந்தது. எனக்குத் தெரியாமல் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று ரகசியமாக வைத்திருந்தீர்கள். காலையில் திடலுக்குள் நுழைந்ததும் மஞ்சள் வெள்ளமாக இருந்தது. ஆச்சரியப்பட்டேன்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பூக் கொடுத்தார்கள். ஒவ்வொருவரையும் நான் அணைத்துக்கொண்டேன். டீச்சர் எவ்வளவு பாசமாக அணைக்கிறார் என்று நீங்கள் காணொளிக்குக் கீழே எழுதியிருந்தீர்கள். பாசம்தான். ஆனால் மூன்று ஆண்டுகளாக வேட நாட்களில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அணைக்கும்போது கை பின்கழுத்துக்குப் போய்விடும். அன்று விரலில் கெட்டி அட்டை பட்டது. அடுத்த பிள்ளை, அங்கும் பட்டது. அதற்கடுத்த பிள்ளையிடமும் இருந்தது.

யாழினி இப்போது ஆறாம் ஆண்டு. வளர்ந்திருந்தாள். மஞ்சள் கவுன். பூவைக் கொடுத்துவிட்டு என் தோளில் சாய்ந்தாள். என் விரல் அவள் காலருக்குப் பின்னால் போன உடனே காதோரம் மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர், வெட்டிறாதீங்க."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

பிறகு உரைகள் தொடங்கின. மாணவர்கள் உட்காரலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சிலர் உட்கார்ந்தார்கள். பலர் உட்காரவில்லை. மறுபடி சொன்னார்கள், அப்போதும் அவர்கள் நின்றார்கள். அறிவிப்பாளராக இருந்த தம்பி ஒரு கணம் திகைத்துவிட்டு, குரல் தழுதழுக்க, "பாருங்கள், தங்கள் ஆசிரியைக்கு மரியாதை செலுத்த நம் மாணவர்கள் உட்கார மறுக்கிறார்கள்" என்றார். நீங்கள் எழுந்து கைதட்டினீர்கள். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன், அது காணொளியில் தெளிவாகவே தெரிகிறது.

ஒலிபெருக்கியை வாங்கி, "அவங்க நிக்கட்டும், சீக்கிரம் முடிச்சிருவோம்" என்று மட்டும் சொன்னேன். தயார் செய்து வைத்திருந்த உரையில் நான்கு பக்கத்தை மடித்துக் கைப்பையில் போட்டேன். என் தன்னடக்கத்துக்கு அதற்கும் ஒரு கைதட்டல் கிடைத்தது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே நின்றவர்களை எண்ணினேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருத்திதான் நின்றாள், அன்று இருபத்தொன்பது பேர். சிறுவர் தினத்தன்று படம் எடுப்பதற்கு முன், பிள்ளைகளை ஒருமுறை உட்காரச் சொல்லிவிட்டு நீங்களும் எண்ணிப் பாருங்கள்.